பாரிஸுக்குப் போன காக்கான்

புதுச்சேரிக் கடற்கரையில் வலை கரையேறும் வேளையில் நின்றால், மீனவர் ஒவ்வொரு மீனையும் நொடியில் பெயர் சொல்லிப் பிரிப்பதைக் காணலாம். அப்பெயர்களுள் ஒன்று பாரிஸ் சென்று, லத்தீன் வேஷம் பூண்டு, உலகெங்கும் வழங்குகிறதென்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

1816-ல் லெஷனோ என்னும் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி இங்கு வந்தார். செடிகொடி தேட வந்தவர் மீன்களையும் விட்டுவைக்கவில்லை. சாராயத்தில் ஊறவைத்துப் பாரிஸுக்குக் கப்பலேற்றினார். சாராயத்தில் மீனின் உருவம் நிற்கும், நிறம் நில்லாது. பெயரையோ கரையில் கேட்டுத்தான் அறியவேண்டும்.

கூவியே, வலென்சியென் என்னும் பண்டிதர்கள் 1828 முதல் 1849 வரை 22 பாகங்களாக வெளியிட்ட மச்ச சாஸ்திரத்தில், 1830-ல், புதுச்சேரியிலும் மாஹேயிலும் கிடைத்த மீனொன்று 'காக்கான்' என்றே பதிவாயிற்று. இன்று அதன் சாஸ்திரப் பெயர் பொமடாஸிஸ் காக்கான். நீரினின்று எடுத்ததும் தொண்டைப் பற்களைத் தேய்த்து உறுமும் வெள்ளி நிற மீன் அது.

தெற்கே, டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கிருந்து சென்ற மீனொன்றுக்கு பெர்லின் பண்டிதர் பிளாக் 1793-ல் 'ஜானியஸ் கருத்தா' என்று பெயரிட்டார். முற்பாதி ஜான் பாதிரியார். பிற்பாதி நமது கருத்தக் கத்தாளை. பாதிரியார் நூலில் நிலைபெற்றார். மீனுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்த கட்டுமரக்காரருக்கு அங்கே இடமில்லை என்பதே நமக்குக் குறை.

இன்றும் முன்பின் காணாத மீனொன்று வலையில் சிக்கினால், "இது நம்ம கரை மீன் இல்லை" என்று முதலில் சொல்பவர் அவரே. ஆராய்ச்சியாளர் துடுப்பு முட்களை எண்ணத் தொடங்குவது அதன் பிறகுதான்.