குறட்டை அவருக்கு, களைப்பு எனக்கு

என் கணவர் விடும் குறட்டை கீழ்வீட்டுக்கும் கேட்கும். ஒருநாள் இரவு அவருக்கு மூச்சு நின்று, பிறகு விக்கினது போல இழுத்து எடுத்ததைக் கண்டு பயந்து, நான்தான் அவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதத்தில் பரிசோதனையும் முடிந்தது, முகமூடி மெசினும் வந்தது. அதே வியாதி எனக்கும் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாலு வருடம் சென்றது.

நான் ஓ.எல். உடன் படிப்பை நிறுத்தியவள். இங்கே சுவிசில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். மருத்துவம் படித்தவளல்ல. நித்திரை ஆய்வுகூடத்தில் இருந்த தாதி பொறுமையாக விளங்கப்படுத்தியதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

எனக்குக் காலையில் தலையிடி. இரவில் நாலைந்து தரம் முழிப்பு. பகலில் உடம்பு ஈயம் போலப் பாரம். பிள்ளைகள் ஒன்று கேட்டால் எரிந்து விழுவேன். டொக்டரிடம் போனபோது எந்த இடத்திலிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். வன்னி என்றேன், 2009ஆம் ஆண்டு கடைசிவரை உள்ளே இருந்தேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மனஅழுத்தத்துக்கு ஒரு குளிசை, நித்திரைக்கு ஒரு குளிசை. அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அந்த நாட்கள் என் கனவில் வருவது உண்மைதான். எல்லாக் களைப்புக்கும் சண்டைதான் காரணம் என்று நானே நம்பியிருந்தேன். சில வகை நித்திரைக் குளிசைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி இந்த வியாதியைக் கூட்டக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாதி இதுதான். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு போகும் வழி ஒடுங்குகிறது, அல்லது முழுதாக அடைபடுகிறது. பத்து செக்கனாவது அப்படி நடந்தால் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். மணித்தியாலத்துக்கு 5 தடவைக்கு மேல் போனால் வியாதி, 15 நடுத்தரம், 30 கடுமை. அடைபடும்போது இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பதறி எழுப்பிவிடும். எழும்பினது எங்களுக்கு ஞாபகமே இராது.

பெண்களோடு பார்க்கும்போது ஆண்களுக்கு முழு அடைப்புக் கூட. கழுத்திலும் மேலுடம்பிலும் கொழுப்பு சேருவதும் ஒரு காரணம். சத்தம் ஊரைக் கூட்டும். பெண்களுக்கு அரைகுறை அடைப்பே கூட. அதுவும் கனவு காணும் நித்திரையில், அதாவது விடியப்புறப் பக்கம், கூடுதலாக நடக்கும். சத்தமும் குறைவு. அதனால் பெண்கள் சொல்வது குறட்டையை அல்ல. தலையிடி, நித்திரை வராமை, மனச்சோர்வு, அசதி என்று சொல்வோம். "பகலில் நித்திரை தூங்குதா?" என்று கேட்டால் "இல்லை", "களைப்பா?" என்று கேட்டால் "ஓம்". இரண்டும் வேறு என்று எண்ணுகிறோம்.

1991இல் அவுஸ்திரேலியாவில் உண்டாக்கிய ஒரு கேள்விப் பத்திரம் இருக்கிறது. எப்வர்த் அளவுகோல் என்று பெயர். மத்தியானம் ஆறுதலாகப் படுத்தால் தூங்கிவிடுவீர்களா, இருந்து வாசிக்கும்போது தூங்குவீர்களா என்று எட்டுக் கேள்விகள். மத்தியானம் நான் எப்போது படுத்தேன்? இருந்து வாசிக்க யார் விட்டார்கள்? எல்லாவற்றுக்கும் சைபர் போட்டேன். நான் வருத்தக்காரி இல்லை என்று முடிவு வந்தது.

முந்தின காலத்தில் ஆஸ்பத்திரிக் கணக்குப்படி எட்டு, பத்து ஆண்களுக்கு ஒரு பெண்தான் இந்த வியாதிக்காரி. 1993இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், ஆஸ்பத்திரிக்கு வராத சாதாரண உத்தியோகத்தர்கள் 602 பேரை நித்திரையில் சோதித்தார்கள். ஆண்களில் 24 வீதம், பெண்களில் 9 வீதம். அதே ஆய்வுக்காரர் 1997இல் போட்ட கணக்கு இன்னும் மோசம். நடுத்தரமும் கடுமையுமான வியாதி உள்ள ஆண்களில் 82 வீதமும், பெண்களில் 93 வீதமும் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தார்கள். நாங்கள் வாழும் இந்த நாட்டிலேயே, லவுசான் நகரத்தில் 40 வயதுக்கு மேற்பட்ட இரண்டாயிரம் பேருக்கு மேல் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். மணித்தியாலத்துக்கு 15 தடவையும் அதற்கு மேலும் உள்ளவர்கள், ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர், பெண்களில் 23 வீதம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஆபத்து ஏறுகிறது. மூச்சைத் தூண்டிவிடும் ஓமோன் குறைவது ஒரு காரணமாம். கர்ப்பகாலத்தில் புதிதாகக் குறட்டை வந்து, இரத்த அழுத்தமும் ஏறினால் மருத்துவமாதிடம் கட்டாயம் சொல்லவேண்டும். மெலிந்தவர்களுக்கும் இது வரும்.

என்னைக் காப்பாற்றியது என் ஒன்பது வயது மகள். அவருக்கு இரவு வேலை வரும் கிழமைகளில் அவள் என்னோடு படுப்பாள். ஒரு காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அம்மா, நீங்கள் இரவில மூச்சு விடாமல் கிடந்தீங்கள். நான் எண்ணினேன். பதினேழு வரைக்கும் எண்ணினேன்."

இந்த முறை நான் களைப்பு என்று சொல்லவில்லை. மகள் எண்ணினதைச் சொன்னேன். முதலில் வீட்டுக்குத் தந்த சிறிய கருவியில் மணித்தியாலத்துக்கு 9 என்று வந்தது. அந்தக் கருவி மூளை அலையை அளக்காது. மூளை எழும்பி எழும்பிப் படுத்ததெல்லாம் அதன் கணக்கில் விடுபடும், பெண்களுக்கு இப்படி நடக்கிறது என்றார் தாதி. ஆய்வுகூடத்தில் தலையெல்லாம் வயர் ஒட்டிப் படுக்கவைத்தபோது 19. கனவு நித்திரையில் மட்டும் 41.

இப்போது எங்கள் அறையில் இரண்டு மெசின். கனவுகள் நிற்கவில்லை. காலைத் தலையிடி மூன்றாம் கிழமையோடு போய்விட்டது.

ஒன்றைக் கவனித்தேன். ஆய்வுகூடத்துக்கு வந்த ஆண்கள் பலருக்குப் பக்கத்தில் மனைவி இருந்தார், இரவு நடந்ததெல்லாம் அவர்தான் சொன்னார். பெண்கள் தனியேதான் இருந்தோம். என் கணவரும் அன்று வேலைக்குப் போயிருந்தார். என்னோடு பெட்டி அடுக்கும் அக்கா ஒருவருக்கு வருகிற மாதம் பரிசோதனை. அவருடைய கணவரை ஒரு நாள் லீவு எடுத்துக் கூடப் போகச் சொல்லியிருக்கிறேன். "நான் போய் என்னத்தைச் சொல்லுறது, நான் நல்ல நித்திரையெல்லோ" என்கிறார்.