பட்டரைப்பெரும்புதூரில் உருவாகும் வக்கீல்கள்

கறுப்புக் கோட்டைத் தையற்காரர் தைத்துத் தந்துவிடுவார். அதை அணியும் வக்கீலை உருவாக்குவது யார்?

சென்னைச் சட்டக் கல்லூரி தோன்றியது 1891-ல். ஐகோர்ட்டின் அருகிலேயே இருந்ததால், அங்கே படித்த மாணவனுக்குப் பாடம் வகுப்போடு முடிந்துவிடவில்லை. மணி அடித்ததும் கோர்ட்டுக்குள் போய் நிற்பான். பெரிய வக்கீல் ஒருவர் நீதிபதியின் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பதையும், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி மதிப்பைக் காப்பாற்றிக்கொள்வதையும் கண்ணால் பார்ப்பான். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இந்தப் பாடம்?

2008 நவம்பர் 12-ந் தேதி அந்த வளாகத்தில் மாணவர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டதையும், போலீசார் பார்த்துக்கொண்டு நின்றதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சட்டம் படிக்க வந்தவர்கள் கையில் கட்டை! 2018-ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து நகரத்தை விட்டு வெளியேறியது. ஒன்று புதுப்பாக்கத்துக்கு, மற்றொன்று திருவள்ளூரைத் தாண்டி, பட்டரைப்பெரும்புதூருக்கு. கோர்ட்டை விட்டுத் தூரப் போகிறோமே என்று மாணவர்கள் போராடினார்கள். அவர்கள் கவலை நியாயமானதே.

ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் வேறொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்த குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்தி பலமுறை வந்ததுண்டு. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம்.

சூளைத் தொழிலாளி ஒருவர் மாணவன் முன் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "முன்பணம் எவ்வளவு வாங்கினீங்க, ஐயா?" என்று கேட்டால் தலை குனிகிறார். "வாங்கினது வாங்கினதுதானே, தம்பி? கொடுக்காம எப்படி வர்றது?" என்கிறார். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். பயத்தையும் நாணயத்தையும் ஒன்றாய்ச் சுமக்கும் அந்த மனிதர் அதை நம்பும்வரை பொறுமையாய் உட்காருவதற்குத்தான் பயிற்சி வேண்டும். கட்சிக்காரரின் வாய்மொழியைக் கேட்கத் தெரியாதவன் எத்தனை செக்‌ஷன் மனப்பாடம் செய்து என்ன பயன்?

அகில இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் இதற்கு இடம் தந்திருக்கின்றன. மாதிரி நீதிமன்ற வாதங்கள் மூன்றுக்கு 30 மதிப்பெண். இரண்டு வழக்குகளின் விசாரணையைப் பார்த்து எழுதுவதற்கு 30. கட்சிக்காரரைப் பேட்டி காண்பதற்கோ இரண்டே அமர்வுகள், 15 மதிப்பெண்! நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அப்படிப்பட்டவர் நாளை கட்சிக்காரரிடம் எப்படி நடந்துகொள்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்தவர்தான் வி. ஆர். கிருஷ்ணய்யர். தலைச்சேரியில் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வாதாடியவர். பிறகு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானவர். ஏழைகளுக்குச் சட்ட உதவி தருவது பற்றி 1973-ல் அறிக்கை தந்த குழுவுக்கு அவரே தலைவர். 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, ஆலைத் தொழிலாளி வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி கேட்கலாம். கும்மிடிப்பூண்டியில் உள்ள எத்தனை பேர் காதுக்கு இது எட்டியிருக்கும்?

பட்டரைப்பெரும்புதூர் மாணவன் அங்கே ரயிலில் போவதானால் சென்னை வந்து வண்டி மாற வேண்டும். கல்லூரி பஸ் ஒன்று ஞாயிறுதோறும் அங்கே போய் வரட்டும். தொழிலாளிக்கும் அன்றுதான் ஓய்வு.