இலவசமாக வந்ததை விலைக்கு விற்கலாமா?

"சும்மா கிடைச்ச டிசைனை இறக்கி, அதை ஐயாயிரம் ரூபாய்க்கு விக்கிறானே, இது திருட்டு இல்லையா?" இங்கே புணேயில் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்களில் கடைக்காரர்கள் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டே இணையதளம் செய்துகொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் உண்டு. இணையதளம் அமைப்பதுதான் என் பிழைப்பு என்பதால் என்னிடம் வருகிறார்கள். என் பதில் பாதிப் பேருக்குப் பிடிப்பதில்லை. விற்பது திருட்டில்லை, திருட்டு நடக்கும் இடம் வேறு.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடுவோம். தலைப்பு, பட்டியல், படம், நிறம் எல்லாம் எங்கெங்கே வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த பக்கத் தொகுப்பைத்தான் டெம்ப்ளேட் அல்லது தீம் என்கிறோம். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று செய்தவரே அனுமதித்தால் அது திறந்த மூலம். அந்த அனுமதி உரிமம் என்ற தாளில் எழுதப்பட்டு டிசைனோடு கூடவே வருகிறது. பெரும்பாலோர் பிரித்தே பார்க்காத தாள் அது!

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். பாதிக் குழப்பம் அதில்தான் பிறந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985 வாக்கில் தம்முடைய ஈமேக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். அவர் 1989-ல் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமம் விலைக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் உனக்குக் கிடைத்த அதே உரிமைகள் வாங்கியவருக்கும் போகவேண்டும். 'நீ இதை யாருக்கும் கொடுக்கக்கூடாது' என்று அவர் கையைக் கட்ட முடியாது.

நமக்குப் பழக்கமான உதாரணம் பாரதியார். அவர் படைப்புகளின் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகு அது பொதுவுடைமையாயிற்று. இன்று எந்தப் பதிப்பகமும் பாரதி கவிதைகளை அச்சிட்டு விற்கலாம். தாளுக்கும் அச்சுக்கும் பிழைதிருத்தத்துக்கும் காசு வாங்குகிறார்கள் என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே கவிதைகளை ஒருவர் தன் பெயரில் போட்டுக்கொண்டால்? விலை பத்து ரூபாயாக இருந்தாலும் சும்மா விடுவோமா? ஒரு வேற்றுமையைச் சொல்லியாக வேண்டும்: பாரதிக்கு இன்று பதிப்புரிமை இல்லை, திறந்த மூல டிசைனுக்கு உண்டு. செய்தவர் உரிமையாளராகவே இருந்துகொண்டு, சில நிபந்தனைகளோடு அனுமதி தருகிறார்.

அந்த நிபந்தனைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. எம்.ஐ.டி. உரிமம் மிகச் சுருக்கமானது: விற்கலாம், ஆனால் பதிப்புரிமைக் குறிப்பு கோப்புக்குள் அப்படியே இருக்கவேண்டும். 2002-ல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில, செய்தவர் பெயரைச் சொன்னால் போதும் என்கின்றன. சில, வணிகத்துக்கு ஆகாது என்கின்றன. இரண்டாவது வகையை எடுத்து விற்பவருக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. வேர்ட்பிரஸ் ஜி.பி.எல்.லில் வருவது; அதற்கான தீம்களும் அதே உரிமத்துக்குக் கட்டுப்பட்டவையா என்று 2010-ல் 'தீசிஸ்' என்ற தீமை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் நிரல்பகுதி ஜி.பி.எல்.லுக்கு வந்தது, அலங்காரப் பகுதிகள் தனி உரிமத்தில் நின்றன.

பெயரை அழிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. டிசைன் வழக்கல்ல, பொம்மை ரயில் வழக்கு! ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியரும் மற்றும் பலரும் சேர்ந்து, மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். ஒரு நிறுவனம் அதிலிருந்து சில கோப்புகளை எடுத்து, எழுதியவர் பெயரும் உரிமக் குறிப்பும் இல்லாமல் தன் பொருளில் சேர்த்துக்கொண்டது. இலவசப் பொருளுக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி எழுந்தது. காசு வாங்காவிட்டாலும் பெயரும் நிபந்தனைகளும் மதிப்புள்ளவையே, அவற்றை மீறினால் பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டிலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. அதன் 57-ஆம் பிரிவின்படி, உரிமையை முழுதும் எழுதிக் கொடுத்துவிட்டாலும் 'இதைச் செய்தவன் நான்' என்று சொல்லும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது.

செய்தவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம். எனக்குத் தெரிந்த பலகாரக் கடைக்காரர் ஒருவர், "உங்களுக்குன்னே தனியா வரைஞ்சது சார்" என்ற பேச்சை நம்பி முப்பதாயிரம் கொடுத்தார். சில மாதம் கழித்து அதே முகப்பை, அதே பச்சை நிறத்தில், வெளியூர்ப் பல் மருத்துவமனை ஒன்றின் தளத்தில் பார்த்தார். முறுக்கு இருந்த இடத்தில் பல்! அவருக்குப் பணம் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. "இலவச டிசைன்தான், வேலைக்கு இவ்வளவுன்னு சொல்லியிருந்தா கொடுத்திருப்பேனே" என்றார். உரிமம் இந்தப் பொய்யைத் தடுக்காது. அடிவரியில் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்காத உரிமத்தில்கூட, 'நானே வரைந்தேன்' என்பது பொய்தான்.

அதனால் என் பில்லில் இரண்டு வரி எழுதுகிறேன். டிசைன்: இன்னாருடையது, இன்ன உரிமம், விலை இல்லை. பொருத்தியது, தமிழ் எழுத்துரு சேர்த்தது, மாற்றங்கள், ஓராண்டுப் பராமரிப்பு: இவ்வளவு ரூபாய். டெம்ப்ளேட்டின் மாதிரிப் பக்கத்தில் வரும் புகைப்படங்களுக்குப் பெரும்பாலும் வேறு உரிமம் இருக்கும் என்பதால் அவற்றை நீக்கிவிட்டுக் கடைக்காரரின் படங்களையே போடுகிறேன். பில்லைப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த டிசைனை நானே இறக்கிக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக என்று முகவரியையும் எழுதிக் கொடுப்பேன். ஒருவர் உண்மையாகவே தானே செய்துகொண்டார், நன்றாகத்தான் இருந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் அடுத்த வாரமே போன் செய்கிறார்கள்.