அலமாரிக்குள் கஞ்சா: வயலுக்கு எழுதிய சட்டம் விளக்கொளிக்குப் பொருந்துமா?

புதுதில்லி: தலைநகரை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தொட்டிகளில் கஞ்சாச் செடி வளர்த்ததாக 2024 நவம்பரில் ஒருவர் கைது செய்யப்பட்டார். செயற்கை விளக்குகளின் துணையுடன் வீட்டுக்குள்ளேயே அவர் செடிகளை வளர்த்து வந்ததாகப் போலீஸார் தெரிவித்தனர். இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கு, ஆந்திர - ஒடிசா எல்லைக் காடுகள் ஆகிய பகுதிகளையே இதுவரை கண்காணித்து வந்த அதிகாரிகளுக்கு, நகரத்து வரவேற்பறையும் துணி அலமாரியும் புதிய களங்களாகியுள்ளன.

இதில் எழும் கேள்வி போலீஸார் மட்டுமே விடை காண வேண்டிய ஒன்றன்று. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், நிலத்தையும் வயலையும் மனதில் கொண்டு எழுதப்பட்டது. நான்கு சதுர அடிப் பரப்பில், ஒரு விளக்கின் கீழ் நிற்கும் ஒற்றைச் செடியை அந்தச் சட்டம் எவ்வாறு அளக்கும் என்பதே இப்போதைய சிக்கல்.

விளக்கு செய்யும் வேலை

கஞ்சாச் செடி, இரவு நீளும்போது பூக்கும் இயல்புடையது. வட இந்தியாவில் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் தானாக முளைக்கும் செடிகள் மழைக்காலம் முடிந்த பிறகே பூக்கின்றன. போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. பெரும்பாலும் பெண் செடியின் பூங்கொத்துகளில்தான் சேர்கிறது. எனவே பருவமே இந்தச் சாகுபடியின் இயற்கையான கடிவாளமாக இருந்து வந்தது.

அந்தக் கடிவாளத்தைச் செயற்கை ஒளி அறுத்துவிட்டது. வெளிச்சத்தையும் இருளையும் மனிதனே தீர்மானிக்கும்போது செடி ஆண்டு முழுவதும் பூக்கிறது. ஆண் செடிகளின் மகரந்தம் அண்டாத மூடிய இடத்தில் விதையற்ற பூக்கள் உருவாகின்றன. இவற்றில் டி.எச்.சி.யின் அளவு வயல்வெளிக் கஞ்சாவைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கக்கூடும்.

முன்னர் இத்தகைய சாகுபடிக்குத் தெருவிளக்குகளில் பயன்படும் சோடியம் விளக்குகளே வெளிநாடுகளில் பெரிதும் பயன்பட்டன. அவை கக்கும் வெப்பமும், விழுங்கும் மின்சாரமும் மிக அதிகம். அமெரிக்காவில் கட்டடங்களுக்குள் நடைபெறும் கஞ்சாச் சாகுபடி, அந்நாட்டின் மொத்த மின் நுகர்வில் சுமார் 1 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என 2012-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு வெப்பமும் மின்செலவும் குறைந்தன. பெரிய கூடம் தேவைப்பட்ட இடத்தில் ஓர் அலமாரியே போதும் என்ற நிலை உருவானது.

விளக்கு குற்றமன்று

இந்த விளக்குகளை வாங்குவதோ வைத்திருப்பதோ குற்றமாகாது. திசு வளர்ப்பு ஆய்வகங்களிலும், கீரை வளர்க்கும் நகரப் பண்ணைகளிலும் இவை அன்றாடக் கருவிகள். காஷ்மீருக்கே உரியதென எண்ணப்பட்ட குங்குமப்பூவை நொய்டா, புணே போன்ற நகரங்களில் மூடிய அறைகளுக்குள் விளைவிப்போரும் இவற்றையே பயன்படுத்துகின்றனர். வெளிச்சம் விழும் செடி எது என்பதைப் பொருத்தே குற்றம் தீர்மானிக்கப்படுகிறது. குற்றம் நடந்ததென முடிவானால், பயன்படுத்தப்பட்ட கருவிகளைப் பறிமுதல் செய்யச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

நெதர்லாந்தில் நிலைமை வேறு. ஐந்து செடிகள் வரை வைத்திருப்போர் மீது அங்கு வழக்கமாக வழக்குத் தொடரப்படுவதில்லை. ஆனால், செயற்கை விளக்கு பொருத்தப்பட்டிருந்தால் அது தொழில்முறைச் சாகுபடிக்கான அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படும். ஜன்னலோரச் செடியையும் விளக்கடிச் செடியையும் அந்நாடு பிரித்துப் பார்க்கிறது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய பாகுபாடு ஏதுமில்லை.

ஒரு செடிக்கும் பத்தாண்டு

இந்தியச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. 20-ஆவது பிரிவு தண்டனையை வகுக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைவாகக் கஞ்சா வைத்திருந்தால் அது 'சிறிய அளவு'. அதிகபட்சத் தண்டனை ஓராண்டு சிறை அல்லது ரூ. 10 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டது 'வணிக அளவு' எனப்படும் வகையில் வருகிறது. அதற்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு சிறை. இடைப்பட்ட எடைக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம்.

ஆனால், சாகுபடிக்கு இத்தகைய படிநிலை எதுவும் வகுக்கப்படவில்லை. செடி ஒன்றாக இருந்தாலும் ஓராயிரமாக இருந்தாலும் அதிகபட்சத் தண்டனை பத்தாண்டு கடுங்காவலும் ரூ. 1 லட்சம் வரை அபராதமும்தான். அரை கிலோ கஞ்சாவை விலைக்கு வாங்கி வைத்திருப்பவர் அதிகபட்சம் ஓராண்டு சிறையை எதிர்கொள்கிறார். சொந்தப் பயன்பாட்டுக்கென ஒற்றைச் செடியை அலமாரியில் வளர்ப்பவரோ பத்தாண்டு வரையிலான சிறையை எதிர்கொள்கிறார். சந்தைக்குப் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் சலுகை, சந்தையை நாடாதவருக்குக் கிடைப்பதில்லை.

சட்டம் தொடக்கத்தில் இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. 1985-இல் இயற்றப்பட்டபோது கஞ்சா வைத்திருப்பதற்கும் செடி வளர்ப்பதற்கும் ஒரே அளவாக ஐந்தாண்டு வரை சிறை என்றே இருந்தது. அளவுக்கேற்ற தண்டனை என்ற நோக்கில் 2001-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில் வைத்திருப்பதற்குப் படிநிலை கிடைத்தது. சாகுபடிக்கான உச்சவரம்போ இரு மடங்காக உயர்ந்தது. குறைந்தபட்சத் தண்டனை எதுவும் விதிக்கப்படாததால், வழக்கின் தன்மைக்கேற்பக் குறைவான தண்டனை அளிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. ஆனால், சட்டம் சொல்லாமல் விட்டதை ஒவ்வொரு நீதிமன்றமும் தனித்தனியே நிரப்ப வேண்டியுள்ளது.

சிகிச்சையை நாடும் போதை அடிமைகளை வழக்கிலிருந்து விடுவிக்கும் 64-ஏ பிரிவும் 'சிறிய அளவு' என்ற சொல்லையே அடிப்படையாகக் கொண்டது. சாகுபடிக்குச் சிறிய அளவு என்ற ஒன்றே வரையறுக்கப்படாத நிலையில், செடி வளர்த்துப் பிடிபட்ட இளைஞருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது.

நிலத்தை நோக்கிய பார்வை

சட்டத்தின் 46-ஆவது பிரிவு, தமது நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா பயிரிடப்பட்டால் உடனே தகவல் தருமாறு நில உடைமையாளரைப் பணிக்கிறது. 47-ஆவது பிரிவு அதே கடமையைக் கிராம ஊராட்சித் தலைவர்களுக்கும் விதிக்கிறது. பயிரைக் கைப்பற்றி அழிக்கும் பிரிவும் உண்டு. ஆந்திரத்தில் 2021-இல் தொடங்கிய நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாப் பயிர் அழிக்கப்பட்டது இத்தகைய அதிகாரங்களைக் கொண்டுதான்.

நகரத்துக் குடியிருப்பில் இந்த ஏற்பாடு செல்லுபடியாகாது. அங்கு ஊராட்சித் தலைவர் இல்லை. வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பார். வீட்டையோ அறையையோ குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதிப்பவருக்கும் அதே தண்டனை என 25-ஆவது பிரிவு கூறுகிறது. வாடகைக்கு விட்ட உரிமையாளரும், ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்களும் தமக்குத் தெரியாது என்பதை விளக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம்.

எடையா, வீரியமா?

விளக்கொளிச் சாகுபடி எழுப்பும் மற்றொரு கேள்வி வீரியம் பற்றியது. கஞ்சா என்பதற்குச் சட்டம் அளிக்கும் விளக்கம் பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்பதே. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. இதனால்தான் பாங்கு பல மாநிலங்களில் அரசு உரிமத்துடன் விற்கப்படுகிறது. ஆனால், கஞ்சாவின் டி.எச்.சி. அளவைப் பற்றிச் சட்டம் ஏதும் சொல்லவில்லை. மலைச்சரிவில் விளைந்த ஒரு கிலோவும், விளக்கடியில் விளைந்த பன்மடங்கு வீரியமுள்ள ஒரு கிலோவும் அதன் தராசில் ஒன்றே.

வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு உள்ளிட்ட கடும் மனநோய்களின் ஆபத்து கூடுவதாக மருத்துவ ஆய்வுகள் எச்சரிக்கின்றன. இளம் வயதினருக்கு இந்த ஆபத்து அதிகம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி, 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் முந்தைய ஓராண்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியுள்ளனர். அவர்களில் சுமார் 1.3 கோடிப் பேர் கஞ்சா அல்லது சரஸ் பயன்படுத்தியவர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கும் இதே வகையைச் சேர்ந்தது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு, பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளிடம் மண்ணில்லா முறையில் விளைந்த கஞ்சா தில்லி, மும்பை, பெங்களூரு, சென்னை விமான நிலையங்களில் தொடர்ந்து பறிமுதல் செய்யப்பட்டு வருகிறது. 2025 ஜூனில் தாய்லாந்து மீண்டும் கட்டுப்பாடுகளை விதித்தது. உயர் விலைக்குப் போகும் இந்தச் சரக்கின் சந்தையே உள்நாட்டு அறைச் சாகுபடிக்கும் தூண்டுகோலாக அமைகிறது.

மாநிலங்களின் வழி

சட்டப்படியான சாகுபடிக்குக் கதவு முற்றிலும் மூடப்படவில்லை. நார், விதை ஆகியவற்றுக்கான சாகுபடிக்கு 14-ஆவது பிரிவு இடமளிக்கிறது. டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையுடன் உத்தரகண்ட் மாநிலம் 2018-இல் தொழில்துறைச் சணலினச் சாகுபடியை அனுமதித்தது. இமாசலப் பிரதேச சட்டப்பேரவை 2024 செப்டம்பரில் இதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌணி வேளாண் பல்கலைக்கழகங்கள் வழியாக முன்னோடி ஆய்வுக்கு அம்மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வீரியத்தை அளந்து அனுமதிப்பது நடைமுறையில் இயலும் என்பதற்கு உத்தரகண்ட் விதியே சான்று.

பிற நாடுகள் செடியின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டுள்ளன. கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று செடிகள். அந்த அளவுக்குத் தளர்த்த இந்தியா விரும்ப வேண்டும் என்பதில்லை. தடையைத் தொடர்ந்துகொண்டே, தண்டனையை மட்டும் எண்ணிக்கை, வீரியம், விற்பனை நோக்கம் ஆகியவற்றுக்கேற்ப வகுக்க நாடாளுமன்றத்தால் முடியும்.

கஞ்சாவைக் கடும் கட்டுப்பாட்டுக்குரிய பட்டியலிலிருந்து நீக்குவது குறித்து 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப் பொருள் ஆணையத்தில் வாக்கெடுப்பு நடைபெற்றபோது, இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 27-க்கு 25 என்ற கணக்கில் அத்தீர்மானம் நிறைவேறியது. உலக அரங்கில் மறுபரிசீலனைக்குக் கைதூக்கிய தில்லி, தனது சட்டத்தின் 20-ஆவது பிரிவைத் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு வைத்து விற்பனைக்கு விளைவிப்பவரும், ஒரு செடியோடு நின்றவரும் ஒரே உச்சவரம்பின் கீழ் நீதிமன்றத்தில் நிற்கும் நிலை தொடர்கிறது. இச்சட்டத்தை நிர்வகிக்கும் பொறுப்பு மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிடம் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.