ஸ்கேலுக்குள் ஒரு கூட்ஸ் இஞ்சின்!



அறிவியல் கண்காட்சிக்கு நான் அட்டையில் ஒரு கூட்ஸ் வண்டி டீசல் இஞ்சின் செய்தேன். கலர் பேப்பர் ஒட்டி, சோடா மூடியில் சக்கரம் வெச்சு, பார்க்க அழகாத்தான் இருந்தது. கணக்கு சார் பார்த்துட்டு, "நல்லா இருக்கும்மா, எத்தனை மடங்கு சின்னதாக்கினே?" என்று கேட்டார். நான் முழிச்சேன். பரிசும் கிடைக்கலை. அதுக்கப்புறம் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதுகிறேன்.

நம் நாட்டு கூட்ஸ் இஞ்சின்களில் ஒன்று டபிள்யூ.டி.ஜி-4. 1999-ல் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிறகு வாரணாசியிலேயே செய்தார்கள். 4000 குதிரைத்திறன், எடை 126 டன், நீளம் சுமார் 21 மீட்டர்.

மாதிரி ரயில் செய்பவர்கள் உலகம் முழுவதும் அதிகம் பயன்படுத்தும் அளவுக்கு 'எச்.ஓ.' என்று பெயர். நிஜத்தில் 87 செ.மீ. இருந்தால் மாதிரியில் 1 செ.மீ. மேப்பில் ஸ்கேல் போடுகிறோமே, அதே மாதிரிதான்.

21 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 24 செ.மீ. நம்ம 30 செ.மீ. ஸ்கேலை விடச் சின்னது!

சரி, என் சோடா மூடி? அது 3 செ.மீ. 87-ஆல் பெருக்கினால் 2 மீட்டர் 61 செ.மீ. வகுப்புக் கதவை விட உயரமான சக்கரம்! நிஜச் சக்கரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம்தான் அதிகம். மாதிரிக்குச் சட்டைப் பட்டன் போதும்.

எடை எவ்வளவு வரும்? 126 டன்னை 87-ஆல் வகுத்து ஒன்றரை டன் என்று சொல்லாதீங்க! நீளம், அகலம், உயரம் மூன்றுமே 87 மடங்கு குறையுது.

87 × 87 × 87 = 6,58,503

இதனால் வகுத்தால் சுமார் 191 கிராம்தான். இவ்வளவு லேசாக இருந்தால் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் கடையில் விற்கும் மாதிரிகளுக்குள் உலோகக் கட்டி வைத்து எடையைக் கூட்டுவார்கள்.

மாதிரிக்குள் டீசல் கிடையாது. தண்டவாளம் வழியாக மின்சாரம் வந்து மோட்டார் சுற்றும். 'அப்போ அது டூப்பா?' என்று கேட்காதீங்க. நிஜ இஞ்சினிலும் டீசல் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. டீசல் எரிந்து மின்சாரம் உண்டாகி, அந்த மின்சாரத்தில் 6 மோட்டார்கள்தான் சக்கரத்தைச் சுற்றுகின்றன!

இப்போ இரண்டாவது இஞ்சின் செய்துகொண்டு இருக்கிறேன். 12 சக்கரம் வேணும், 9 பட்டன் சேர்ந்தாச்சு. ஒரே அளவில் பழைய சட்டைப் பட்டன் வெச்சிருக்கிறவங்க கொடுங்க. அடுத்த கண்காட்சியில் சார் கேட்பதற்கு முன்னாடியே சொல்லிடுவேன்: "87 மடங்கு, சார்!"



- 9-ஆம் வகுப்பு மாணவி