மூணு மாசத்துல மூணு மடங்கு! - ஒரு நாடே ஏமாந்த கதை

ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மூணே மாசத்தில் மூவாயிரமாகத் திருப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? "ஆளை விடுங்க சாமி!" என்று ஓடிவிடுவீர்களா? 1996-ல் அல்பேனியா மக்கள் ஓடவில்லை. வரிசையில் நின்றார்கள்!

அல்பேனியா எங்கே இருக்கு?

ஐரோப்பாவில், இத்தாலிக்கு எதிர்க்கரையில் உள்ள குட்டி நாடு. அப்போது மக்கள்தொகை சுமார் 32 லட்சம். 1944 முதல் 1985 வரை என்வர் ஹோஜா என்பவரின் கம்யூனிஸ்ட் ஆட்சி. சொந்தத் தொழில் கிடையாது. வெளிநாட்டுத் தொடர்பும் ரொம்பக் குறைவு. 1992-ல் புதிய ஆட்சி வந்தது. சாலி பெரிஷா ஜனாதிபதி ஆனார். வட்டி, முதலீடு எல்லாமே மக்களுக்குப் புதுசு. அந்த நேரத்தில்தான் பண நிறுவனங்கள் முளைத்தன.

கணக்கு எங்கே இடிக்குது?

அவர்கள் கொடுத்தது லாபம் இல்லைங்க! புதுசாகச் சேர்ந்தவரின் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்குக் கொடுத்தார்கள். ஒருவருக்கு மூணு மடங்கு தர மூணு பேர் பணம் வேண்டும். அந்த மூணு பேருக்குத் தர 9 பேர். பிறகு 27, 81... பதினாலாவது சுற்றில் 47,82,969 பேர் வேண்டும். நாட்டிலேயே அவ்வளவு ஆள் இல்லையே!

ஆனாலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் பணம் போட்டார்கள். வீட்டை விற்றும் ஆடுமாட்டை விற்றும் போட்டவர்கள் உண்டு. சர்வதேச நாணய நிதியம் எச்சரித்தும் அரசு சரியான நேரத்தில் தடுக்கவில்லை.

வெடித்தது கோபம்

1997 ஜனவரியில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. "எங்க பணம் எங்கே?" என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தெற்கே விலோரா நகரில் போராட்டம் கலவரமானது. மார்ச் 2-ல் அவசரநிலை அறிவித்தார்கள். பலன் இல்லை. படைவீரர்களே முகாமை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. 5 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகள் மக்கள் கைக்குப் போயின. சின்னப் பையன்கள் கையிலும் துப்பாக்கி! சிறைகள் காலியாகின. பல ஆயிரம் பேர் படகேறி இத்தாலிக்குத் தப்பினார்கள். மார்ச் 28-ல் ஒரு படகு, இத்தாலியக் கடற்படைக் கப்பல் மோதி மூழ்கியதில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டுக் கலவரத்தில் இறந்தவர்கள் மொத்தம் சுமார் 2,000 பேர்.

ஏப்ரலில் ஐ.நா. அனுமதியுடன் இத்தாலி தலைமையில் பன்னாட்டுப் படை வந்தது. ஜூனில் தேர்தல் நடந்தது. ஆளுங்கட்சி தோற்றது. ஜூலையில் பெரிஷா பதவி விலகினார். ஆனால் போன உயிர் வருமா?

யோசித்துப் பாருங்கள். எதிரி நாடு எதுவும் படையெடுத்து வரவில்லை. மக்களுக்கு அரசின் மேல் இருந்த நம்பிக்கை போச்சு, அதோடு அரசும் போச்சு.

உங்கள் வீட்டில் யாராவது "சீக்கிரமே இரட்டிப்பு" என்று பேசினால், ஒரு தாளை எடுங்கள். 3, 9, 27, 81 என்று பதினாலு தடவை எழுதிக் காட்டுங்கள். பெருக்கல் தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம்!