வலவனில்லா வானூர்தி

நுழையும்முன்

பறவையைக் கண்டு பறக்க விரும்பிய மனிதன், முதலில் செய்தவை சிறு மாதிரிகளே. விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும் மாதிரி வானூர்திக்குள் கணிதம், இயற்பியல், தச்சு, ஓவியம், வரலாறு ஆகிய ஐந்தும் ஒருங்கே அமைந்துள்ளன. வானலை வழியே இயங்கும் பேரளவு மாதிரிப் போர் வானூர்தி ஒன்று எவ்வாறு உருவாகிறது என்பதைச் சேர்வராயன் மலையைக் களமாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

கனவும் பொறியும்

வலவன் என்னும் சொல் தேர் முதலிய ஊர்திகளைச் செலுத்துவோனைக் குறிக்கும். வலவன் செலுத்தாமல் தானே விண்ணில் செல்லும் ஊர்தியைப் புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கற்பனை செய்துள்ளார். புலவர் பாடும் புகழுடையோர் அத்தகைய ஊர்தியை அடைவர் என்பது அவர்தம் கருத்து. சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் மயிற்பொறி ஒன்றை அமைக்கிறார். அதன் விசையை ஒருபுறம் திருகினால் மேலெழும். மறுபுறம் திருகினால் தரையிறங்கும். இவை கற்பனைகளே. ஆயினும், ஊர்தியை விசையால் ஆள வேண்டும் என்னும் எண்ணம் நம் இலக்கியத்தில் வேரூன்றியிருந்ததை இவை காட்டுகின்றன.

பிரான்சு நாட்டின் அல்போன்சு பெனோ என்னும் இளைஞர், முறுக்கிய இரப்பரின் விசையால் பறக்கும் மாதிரி வானூர்தியை 1871இல் பாரிசு நகரப் பூங்காவில் பறக்கவிட்டார். அவருடைய வடிவமைப்பில் அமைந்த பறக்கும் பொம்மை ஒன்றை, 1878இல் ஒரு தந்தை தம் மக்கள் இருவருக்கு வாங்கிவந்தார். அச்சிறுவர்களே, 1903இல் உலகின் முதல் விசை வானூர்தியில் பறந்த ரைட் உடன்பிறந்தோர். ஒரு சிறு மாதிரி, ஒரு நூற்றாண்டின் போக்கையே மாற்றியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலையின் மண்ணும் வானூர்தியின் உடலும்

சேலம் நகருக்கு வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு, காப்பித் தோட்டங்களுக்கும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களுக்கும் பெயர் பெற்றது. இம்மலை முகடுகளில் படிந்துள்ள செந்நிறக் கனிமம் பாக்சைட்டு. அதிலிருந்து கிடைப்பதே அலுமினியம். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுக்கப்பட்ட பாக்சைட்டு, மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாயிற்று.

இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடைய அலுமினியம், பிற உலோகங்களுடன் கலக்கும்போது உறுதி பெறுகிறது. அதனாலேயே இருபதாம் நூற்றாண்டின் போர் வானூர்திகளுக்கு அது உடலாயிற்று. வானூர்தியின் கதை வானில் தொடங்குவதன்று, மலைமண்ணில் தொடங்குவது.

எந்த வானூர்தி?

மாதிரி செய்ய முனைவோர் முதலில் விடை காண வேண்டிய வினா இது. நம் நாட்டு வரலாற்றோடு இணைந்த ‘நேட்’ என்னும் போர் வானூர்தியை எடுத்துக்கொள்வோம். சிறு பூச்சி என்பது அப்பெயரின் பொருள். இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டு 1955இல் முதன்முதலாகப் பறந்த இதனை, பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று உருவாக்கியது. இதன் இறக்கை அகலம் 6.73 மீட்டர், நீளம் ஏறத்தாழ 8.7 மீட்டர். உருவிற் சிறியதாயினும் 1965, 1971ஆம் ஆண்டுப் போர்களில் இது பெரும்பணி ஆற்றியது.

1971 டிசம்பர் 14 அன்று சீநகர் வானூர்தித் தளம் பகைவரின் தாக்குதலுக்கு உள்ளானது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்து நேட் வானூர்தியில் மேலெழுந்து, எண்ணிக்கையில் மிகுந்த சேபர் வானூர்திகளைத் தனித்து எதிர்த்துப் போரிட்டு உயிர்நீத்தார் நிர்மல்ஜித் சிங் செக்கோன். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. இந்திய வான்படையில் அவ்விருதைப் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. அவர் பணியாற்றிய 18ஆம் படைப்பிரிவு, 2020 மே மாதம் கோவை மாவட்டத்துச் சூலூரில் தேஜஸ் வானூர்திகளுடன் மீண்டும் பணியைத் தொடங்கியது. ஆகவே, நேட்டின் கதை கொங்கு நாட்டு வானோடும் தொடர்புடையது.

அளவு சுருங்கும்போது

நேட்டினை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்குவதாகக் கொள்வோம். இறக்கை அகலம் 1.35 மீட்டராகவும் நீளம் ஏறத்தாழ 1.75 மீட்டராகவும் அமையும். ஆனால் எல்லா அளவுகளும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குவதில்லை. நீளம் ஐந்தில் ஒன்றானால், பரப்பு இருபத்தைந்தில் ஒன்றாகும். கன அளவு நூற்றிருபத்தைந்தில் ஒன்றாகும். முழுச் சுமையுடன் நேட்டின் எடை ஏறத்தாழ 4100 கிலோகிராம். அதனை 125ஆல் வகுத்தால் 33 கிலோகிராம் அளவு வரும். இந்த எடையோடு மாதிரி மெதுவாகப் பறக்க இயலாது. மிகுந்த வேகத்தில் தரையிறங்கி உடையவும் கூடும். எனவே, மாதிரியைச் செய்வோர் எடையை அதில் பாதிக்கும் கீழே கொண்டுவர முயல்வர்.

இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. வானூர்தியைச் சுருக்கலாம், அது பறக்கும் காற்றைச் சுருக்க இயலாது. பெரிய இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்றோட்டம், சிறிய இறக்கையின் மேற்பரப்பிலிருந்து எளிதில் விலகிவிடும். அவ்வாறு விலகினால் தூக்குவிசை குன்றும். மாதிரி பெரிதாக ஆக, இக்குறை சிறிதாகும். பேரளவு மாதிரிகளை வல்லுநர் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். உருவொற்றுமையை இழக்காமல் வால் பகுதியைச் சற்றே பெரிதாக்குவதும் இறக்கையின் தடிப்பைச் சிறிது கூட்டுவதும் உண்டு. எவ்வளவு மாற்றலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதில் கலைஞனின் நடுவுநிலைமை வெளிப்படும்.

எலும்பும் தோலும்

மாதிரியின் உடல், உயிரினத்தின் உடலைப் போன்றது. ஒட்டுப்பலகையில் அறுத்தெடுத்த குறுக்குச் சட்டங்கள் விலா எலும்புகள்போல வரிசையாக நிற்கும். அவற்றை நீள்சட்டங்கள் இணைக்கும். இறக்கையின் ஒரு முனைமுதல் மறுமுனைவரை ஓடும் முதன்மைத் தண்டு, முதுகெலும்பாக நின்று முழுச் சுமையையும் தாங்கும். இறக்கையின் விலாச்சட்டங்கள் பெரும்பாலும் பால்சா மரத்தால் ஆனவை. தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் மிகுதியாக விளையும் பால்சா, தக்கைபோல இலேசானது. கத்தியால் எளிதில் அறுபடுவது. இவ்வெலும்புக்கூட்டின்மேல் மெல்லிய பால்சாத் தகடுகளை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவர். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை விரித்து எப்பாக்சிப் பசையைப் பூசினால் உறுதியான தோல் கிடைக்கும்.

மலைநாட்டில் இப்பணியைச் செய்வோருக்குத் தனிக் கவனம் தேவை. ஏற்காட்டில் மூடுபனி சன்னல் வழியே அறைக்குள்ளும் நுழையும். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், எடை கூடும், மெல்லிய பலகை வளையும். குளிரில் எப்பாக்சிப் பசை இறுகுவதற்கு நெடுநேரம் ஆகும். ஈரக்காற்றில் அடித்த வண்ணம், பால் படர்ந்ததுபோல வெளிறிப்போகும். ஆகவே, பலகைகளை உலர்ந்த பெட்டியில் வைத்துக் காத்தலும், மழையும் பனியும் ஓய்ந்த நாள்களில் வண்ணம் தீட்டுதலும் இன்றியமையாதவை. பருவம் அறிந்து பயிர் செய்வதைப் போன்றது இது.

நுண்விவரங்கள்

பறப்பதற்கு வடிவம் போதும். உயிர்ப்புடன் தோன்றுவதற்கு நுண்விவரம் வேண்டும். உண்மையான வானூர்தியின் மேற்பரப்பில் உலோகத் தகடுகளின் இணைப்புக் கோடுகளும் ஆயிரக்கணக்கான தறையாணிகளும் தெரியும். மாதிரியில் மெல்லிய ஊசிமுனை வழியே வெண்பசைத் துளிகளைச் சம இடைவெளியில் வைத்தால், உலர்ந்தபின் அவை ஆணித்தலைகளாகத் தோன்றும்.

உலோகத்தோல் வேண்டுமெனில் அச்சகங்களில் பயன்படுத்தி முடித்த அலுமினிய அச்சுத் தகடுகள் உதவும். அவை விறைப்பானவை, அப்படியே வளைத்தால் மடிந்துவிடும். அவற்றை மென்மையாக்க ஓர் எளிய வழி உண்டு. தகட்டின்மேல் சோப்பைத் தேய்த்து, மறுபுறம் மெல்லிய தீயால் சூடேற்ற வேண்டும். சோப்பு கருநிறம் அடையும் வேளையில் தீயை விலக்க வேண்டும். ஆறியபின் தகடு விரலுக்கு இணங்கி வளையும். சோப்பின் நிறமே இங்கு வெப்பமானியாகிறது. செம்மலையில் தோன்றிய உலோகம், அச்சகத்தில் எழுத்தைத் தாங்கி, பின்னர் இறக்கையின் தோலாகவும் மாறுகிறது.

வண்ணம் தீட்டுமுன் வரலாற்றை ஆராய வேண்டும். தொடக்கக் காலத்து இந்திய நேட் வானூர்திகள் வெள்ளிபோல ஒளிர்ந்தன. பிற்காலத்தில் அவை மறைநிறப் பூச்சு பெற்றன. எனவே, எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்பதை உறுதிசெய்யாமல் தூரிகையைத் தொடலாகாது. காவி வெளிவட்டம், வெண்மை நடுவட்டம், பச்சை உள்வட்டம் என்னும் வான்படைச் சின்னத்தின் வரிசையும் பிறழலாகாது.

பழமையைக் காட்டும் கறைகளுக்கும் காரணம் வேண்டும். நேட்டின் காற்று நுழைவாயில்களை ஒட்டிப் பீரங்கிகள் இருந்தன. எனவே புகைக்கறை அவ்விடத்திலேயே படிய வேண்டும். பணியாளர் கால்வைத்து ஏறும் இடத்திலேயே வண்ணம் தேய்ந்திருக்க வேண்டும். காரணமின்றிப் பூசிய கறை பொய்யாகும். காரணமறிந்து பூசிய கறை வரலாறாகும்.

கட்டளைக்குப் பணியும் ஊர்தி

தரையில் நிற்பவரின் கையிலுள்ள அனுப்பி, இக்காலத்தில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் கட்டளைகளை அனுப்புகிறது. ஊர்திக்குள் உள்ள ஏற்பி அவற்றைப் பெற்று, சர்வோ எனப்படும் சிறு மின்விசைப் பொறிகளை இயக்குகிறது. இறக்கையின் ஏலரான் மடல்கள் ஊர்தியைப் பக்கவாட்டில் சாய்க்கும். வாலின் கிடைமடல் மூக்கை உயர்த்தும் அல்லது தாழ்த்தும். நிலைமடல் திசை திருப்பும். உந்துவிசைக்கு மின்விசிறியையோ மண்ணெண்ணெயில் இயங்கும் சிறு தாரை எந்திரத்தையோ பொருத்துவர். அச்சிறு எந்திரம் நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்லது.

இவை அனைத்திலும் முதன்மையானது ஈர்ப்பு மையம். அது இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குத் தொலைவை ஒட்டி அமைய வேண்டும். பின்னால் நகர்ந்தால் ஊர்தி கட்டுக்கடங்காது. ஆதலால், ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் எடைச் சமநிலை, மடல்களின் இயக்கம், வானலைத் தொடர்பு ஆகிய மூன்றையும் சோதித்தல் வேண்டும். பதினைந்து கிலோகிராம் எடையுள்ள ஊர்தி, விரைந்து செல்லும் இருசக்கர வண்டியின் வேகத்தில் தவறி விழுந்தால் உயிருக்கே ஊறு நேரும். ஒரு தளர்ந்த திருகும் இங்குச் சிறு பிழையன்று.

மலைக்காற்றின் பாடம்

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். ஏற்காட்டின் காற்று, கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. எனவே, சென்னையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தரையிறங்கும் மாதிரி, ஏற்காட்டில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். வேகத்தின் இருமடிக்கேற்ப இயக்க ஆற்றல் கூடுவதால், நிற்பதற்கு வேண்டிய தொலைவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மிகும். எந்திரத்தின் உந்துவிசையோ குறையும். மரங்கள் அடர்ந்த சரிவுகளில் அத்தகைய நீண்ட சமதளம் காண்பது அரிது. மூடுபனி வந்தால் ஊர்தி கண்ணுக்கும் தெரியாது. ஆகவே, இத்தகைய தாரை மாதிரியை மலையில் உருவாக்கினும் சமவெளியில் பறக்கவிடுவதே அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் டிரோன் விதிகள் 2021இல் நடைமுறைக்கு வந்தன. கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும் பயன்படும், 25 கிலோகிராமுக்கு மேற்படாத, கண்பார்வைக்கு உட்பட்ட தொலைவில் இயக்கப்படும் ஊர்திகளை அவ்விதிகள் மாதிரி ஊர்திகள் என வரையறுக்கின்றன. பறக்கவிடும் இடம் தடைசெய்யப்பட்ட பகுதியா என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் கடமையாகும்.

மாதிரி தரும் பயன்

மாதிரிகள் பொழுதுபோக்குடன் முடிவதில்லை. இந்தியாவில் உருவான முதல் தாரைப் போர் வானூர்தியான மாருத், 1961இல் பறந்தது. அதற்கு முன்னரே அதன் வடிவில் மரத்தாலான மிதவை வானூர்தி ஒன்றைச் செய்து, டகோட்டா வானூர்தியால் இழுத்துச் சென்று வானில் சோதித்தனர். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், மாணவப் பருவத்தில் தாக்குதல் வானூர்தி ஒன்றின் வடிவமைப்புத் திட்டத்தில் ஈடுபட்டார். தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் மாதிரி வானூர்தி அமைத்தல் இன்றும் பயிற்சியாக உள்ளது.

போர் வானூர்தியின் மாதிரியைச் செய்வது போரைப் போற்றுவதாகாது. அந்தச் சிறிய இருக்கையில் அமர்ந்து சென்று திரும்பாதவர் ஒருவரை அது நினைவூட்டுகிறது. அதனால்தான் ஒரு கோடும் ஓர் எண்ணும் பிழையாதிருக்க வேண்டும் என்று கைவினைஞர் மாதக்கணக்கில் உழைக்கின்றனர். மெய்யை மெய்யாகச் செய்யும் அவ்வுழைப்பே வீரருக்குச் செலுத்தும் மதிப்பு.

கற்பவை கற்றபின்…

1. நேட் வானூர்தியை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் இறக்கை அகலம், எடை ஆகியன எவ்வாறு மாறும் எனக் கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.

2. உங்கள் ஊரில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு மிதவை வானூர்தி ஒன்றைச் செய்து, அதன் மூக்கில் எடையைக் கூட்டியும் குறைத்தும் பறக்கும் தொலைவைப் பதிவு செய்க.

3. ‘நுண்விவரமும் ஒருவகை வரலாற்றுச் சான்றே’ என்னும் பொருளில் கலந்துரையாடுக.